காதுக்குள் ஒரு லட்ச ரூபாய்

"தட்டு எடுங்க" என்று என் மனைவி சொன்னது எனக்கு "பட்டு எடுங்க" என்று கேட்டது. "இப்போ என்ன விசேஷம், பட்டு எடுக்க?" என்று கேட்டுவிட்டேன். சமையலறையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அதற்குப் பிறகு வந்த பதிலை இங்கே எழுதாமல் விடுவது எல்லோருக்கும் நல்லது.

அதே வாரத்தில்தான், என்னுடைய பழைய இயர்போனில் பாட்டு மந்தமாகக் கேட்கிறது, தூக்கிப் போட்டுவிட்டு உயர்ந்த ரகமாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று நான் முடிவு செய்திருந்தேன். பட்டுக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. குறை இயர்போனில்தான் என்று திடமாக நம்பினேன். 34 வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ரிசீவரும் ஹெட்செட்டுமாக இருந்தவன் இல்லையா, கருவியைச் சந்தேகப்பட்டுத்தான் பழக்கம்.

என் அக்கா பையன் பெங்களூரில் இருக்கிறான். அவனுக்கு இந்த இயர்போன் பைத்தியம் உண்டு. சிலர் கார் மாற்றுவது போல இவன் காதில் மாட்டுவதை மாற்றுவான். விஷயத்தைச் சொன்னதும், "மாமா, அவசரப்பட்டுக் கடைக்குப் போகாதீங்க. அடுத்த வாரம் வரும்போது மூணு செட் கொண்டு வரேன். ஒரு மாசம் வெச்சுக் கேளுங்க. எது ஒத்து வருதோ அதை வாங்கலாம்" என்றான். சொன்னபடி வந்தான். மூன்று டப்பாக்களை மேஜையில் வைத்தான். எல்லாவற்றுக்கும் புதிய ரப்பர் முனைகள் மாட்டிக் கொடுத்தான். ஒருவர் காதில் இருந்ததை இன்னொருவர் அப்படியே போடக்கூடாதாம். சரிதான், பல் குச்சி மாதிரி.

விலையைக் கேட்டேன். சொன்னான். மனைவி அந்தப் பக்கம் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

முதல் டப்பா எடிமோடிக் ஈஆர்4எஸ்ஆர். மூன்றில் இதுதான் மலிவு. மலிவு என்றால் அமெரிக்காவில் 350 டாலருக்கு வந்தது. இரண்டாவது ஷூர் எஸ்இ846, 2013-ல் வெளியானபோது 1,000 டாலர். மூன்றாவது சென்ஹைசர் ஐஇ 900. 2021-ல் 1,300 டாலருக்கு வந்தது. இன்றைய கணக்கில் லட்சத்தைத் தாண்டும். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான். கீழே விழுந்தால் துடைப்பத்தோடு போய்விடும்.

இந்த எடிமோடிக்கின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. இந்த மாதிரி உயர்ரக இயர்போன்களுக்கு மூத்த அண்ணன் 1991-ல் வந்த இவர்களுடைய ஈஆர்4. அதைச் செய்த மீட் கில்லியன் பாட்டுக் கருவிக்காரர் இல்லை, காது மிஷின் ஆராய்ச்சிக்காரர். செவிப்புலன் சோதனைக்காகக் காதுக்குள் செருகும் கருவியைச் செய்தவர், அதே வழியில் பாட்டுக் கேட்கவும் ஒன்று செய்தார். உள்ளே இருக்கும் ஒலிபெருக்கியும் காது மிஷினில் இருக்கும் அதே ஜாதி. காந்தங்களுக்கு நடுவில், கம்பிச் சுருளுக்குள்ளே, ஒரு துளி இரும்புத் தகடு. மின்சாரம் மாறும்போது அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசையும். 'பேலன்ஸ்டு ஆர்மச்சர்' என்று பெயர். எங்கள் பழைய டெலிபோன் ரிசீவரின் தூரத்துச் சொந்தம். ஷூர் எஸ்இ846-ல் ஒரு காதுக்கு இப்படி நாலு வைத்திருக்கிறார்கள். சென்ஹைசர் மட்டும் வேறு வழி. 7 மில்லிமீட்டரில் ஒரே ஒரு குட்டி ஸ்பீக்கர், சாதாரண ஸ்பீக்கர் வேலை செய்கிற மாதிரியே. அதை அலுமினியக் கட்டியைக் கடைந்து செய்த கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஆக, ஊரில் எத்தனையோ பேர் "எனக்கு எதுக்குக் காது மிஷின்? அதெல்லாம் வயசானவங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டு, காது மிஷினின் பேரப்பிள்ளைகளைக் காதில் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

முதல் வாரம் எடிமோடிக். அதன் முனை சாதாரணமாக இருக்காது. மூன்று குடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல ஒரு ரப்பர். சும்மா வாசலில் வைத்தால் போதாது, உள்ளே போக வேண்டும். காது மடலை இன்னொரு கையால் மேலே, பின்னால் இழுத்துக்கொண்டு, லேசாக ஈரப்படுத்தி, மெதுவாகச் செருக வேண்டும். நம் காதுக் குழாய் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் நீளம். நேராக இல்லை, வளைந்து போகிறது. வெளிப்பக்கம் குருத்தெலும்பு, உள்ளே எலும்பு. அந்த எலும்பின் மேல் இருக்கும் தோல் மிக மெல்லியது. வயதானவர்களுக்கு அது இன்னும் மெலிந்து வறண்டு போகும். முதல் நாள் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கருவி செய்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அது அப்படிப் போனால்தான் சரியாக வேலை செய்யும். என் காது குறுகல்.

ஆனால் நாலாவது நாள் சரியாக உட்கார்ந்தபோது, அப்பா! வெளியுலகம் அப்படியே அணைந்து போயிற்று. 35 டெசிபல் அளவுக்கு வெளிச் சத்தத்தைத் தடுக்கும் என்கிறார்கள். தெரு, மின்விசிறி, பக்கத்து வீட்டு டிரில், எல்லாம் காணாமல் போயின. நடுவில் குரல் மட்டும் நின்றது. லால்குடி ஜெயராமனின் வயலினில் வில் திரும்பும் இடம் தெரிந்தது. இன்னொரு வசதி, ஆழமாகச் செருகியதால் நம் குரல் நமக்கே தொட்டிக்குள் பேசுவது போல் ஒலிக்காது. மேலோட்டமாக அடைத்தால்தான் அந்தத் தொட்டிக் குரல் வரும்.

அந்த நிசப்தத்தில் குக்கர் விசிலும் அடங்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். "மூணு விசில் வந்ததும் அணைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். அந்த நாளைப் பற்றியும் மேலே எழுத வேண்டாம். நம் வயதில் காதை முழுக்க அடைத்துக்கொண்டு உட்காருவது ஒரு குணம் அல்ல, ஒரு பொறுப்பு. தெருவில் நடக்கும்போது கூடவே கூடாது.

இரண்டாவது வாரம் ஷூர். இது கொஞ்சம் பருமன். காது மடலின் பள்ளத்தில் பொருந்தி உட்காரும். ஒயர் காதுக்கு மேலே போய்ப் பின்னால் இறங்கும். மேடையில் பாடுகிறவர்கள் போடுகிற முறை அது. அவர்கள் பெரும்பாலும் மூக்குக் கண்ணாடி போடாமல் பாடுகிறார்கள் போலிருக்கிறது. என் கண்ணாடியின் காதும் இந்த ஒயரும் ஒரே இடத்துக்குப் போட்டி. கண்ணாடியைக் கழற்றினால் ஒயர் வரும், ஒயரைக் கழற்றினால் கண்ணாடி வரும். முதலில் இயர்போன், பிறகு கண்ணாடி என்று வரிசை வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம் என்று மூன்றாம் நாள் கண்டுபிடித்தேன். விலை உயர்ந்த எதற்கும் மதிப்புரை எழுதுகிற பையன்கள் இதையெல்லாம் எழுதுவதில்லை. அவர்களுக்கு மூக்கில் கண்ணாடி இல்லை, காதில் முடி இல்லை.

ஷூரில் கீழ்ச்சுருதி அபாரம். அடித் தொனிக்கு மட்டும் தனி வழி வைத்து, மேல் தொனி அதில் கலக்காமல் இருக்கப் 10 எவர்சில்வர் தகடுகளை அடுக்கி ஒட்டி வடிகட்டி செய்திருக்கிறார்கள். தகடு என்றால் பூச்சி இறக்கை அளவு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் 'கும்' என்று வருகிறபோது கன்னத்தில் காற்று படுவது போல் இருந்தது. பாலக்காடு மணி அய்யர் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். மிருதங்கத்தை அதன் சொந்தச் சத்தத்தில் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் இதை ஒருமுறை காதில் வைத்துப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? திட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுத் திட்டியிருப்பார்.

ஆனால் இந்தத் தொப்பி ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. காலையில் இருந்த கம்பீரம் மாலையில் காணோம். இயர்போனில்தான் ஏதோ கோளாறு என்று பெங்களூருக்குப் போன் போட்டேன்.

"மாமா, கேக்கும்போது ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"முறுக்கு."

"அதான். வாய் அசைஞ்சா காதுக் குழாயோட வடிவமே மாறும். முனைக்கும் தோலுக்கும் நடுவுல இடுக்கு விழும். முதல்ல ஓடிப்போறது அடிச் சத்தம்தான். விரலால லேசா அழுத்திப் பாருங்க. தொப்பி திரும்பி வந்தா முனை சரியா உக்காரலைன்னு அர்த்தம்."

அழுத்தினேன். தொப்பி வந்தது. விரலை எடுத்தேன். போய்விட்டது.

நண்பர்களே, இந்த விஷயம் முழுவதிலும் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். சுகம் வேறு, சத்தத்தின் தரம் வேறு என்று கடைக்காரர்களும் மதிப்புரைக்காரர்களும் இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதுகிறார்கள். சுகத்துக்கு ஐந்துக்கு மூன்று, சத்தத்துக்கு ஐந்துக்கு ஐந்து என்று மார்க் போடுகிறார்கள். காதுக்குள் செருகும் கருவியில் அப்படி இரண்டு பாடம் கிடையாது. காதில் வசதியாக, இடுக்கு இல்லாமல் உட்கார்ந்தால்தான் அந்தச் சத்தமே உண்டு. உறுத்தினால் நாம் கொஞ்சம் வெளியே இழுத்துவிடுவோம். இழுத்த மறு நொடி ஆயிரம் டாலர் இயர்போன் நடைபாதையில் 200 ரூபாய்க்கு விற்கிறதைப் போலக் கூவும். ஆகவே உறுத்தாததுதான் நல்ல சத்தம். இது என் அபிப்பிராயம், ஆனால் என் இரண்டு காதையும் கொடுத்துச் சம்பாதித்த அபிப்பிராயம்.

அந்த முனை இருக்கிறதே, அது மொத்த விலையில் தூசு. அதில்தான் பாதி வேலை இருக்கிறது. ரப்பர் மாதிரி சிலிக்கான் முனையும் வருகிறது, ஸ்பாஞ்சு முனையும் வருகிறது. ஸ்பாஞ்சை விரலால் உருட்டி நசுக்கி உள்ளே வைத்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டால் அதுவே விரிந்து காதின் வடிவத்துக்கு வந்துவிடும். மெலிந்த தோலுக்கு அதுவே மெத்தை. மேல் தொனியைக் கொஞ்சம் குறைக்கும். சில மாதத்தில் விறைத்துப்போகும், மாற்ற வேண்டும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு என்பதும் கட்டாயம் இல்லை. எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடது காதுக்குச் சிறியது. 70 வயது வரை எனக்கு இது தெரியாது.

இன்னொன்று, குறும்பி. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வயது ஏற ஏற அது வறண்டு கெட்டியாகும். இந்த முனைகள் தினமும் போய் வந்தால் அதை உள்ளே தள்ளி இடித்து வைத்துவிடும். இயர்போனின் வாயில் இருக்கும் பொடி வடிகட்டியையும் அடைக்கும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் உடனே கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பட்ஸ் போட்டு நோண்டவும் வேண்டாம். டாக்டரிடம் போனால் ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது வாரம் சென்ஹைசர். சிறியது, மேலோட்டமாக உட்காருவது. போட்ட பத்து நிமிஷத்தில் இருப்பதே மறந்துவிட்டது. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போட்டேன். 1986-ல் கேசட்டாக வாங்கித் தேய்ந்து போகிறவரை கேட்டது. வயலின்கள் இடமும் வலமுமாகப் பிரிந்து நின்றன. பேஸ் கிடார் தரையில் நடந்தது. மேல் ஸ்தாயியில் வயலின் ஏறும்போது அந்தப் பளபளப்பு, கேசட் நாளில் கேட்ட அதே பளபளப்பு, திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீர் இந்த முறை வேறு காரணத்துக்காக.

"இதுதாண்டா" என்று அவனுக்கு அன்று ராத்திரியே சொன்னேன்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "மாமா, எனக்கு அதுல மேல் சத்தம் கொஞ்சம் குத்தும். ரொம்ப நேரம் கேக்க முடியாது. உங்களுக்குக் குத்தலையா?"

"இல்லையே. இதமா இருக்கே."

"எடிமோடிக்?"

"அது ரொம்ப மூடின மாதிரி."

அந்தப் பக்கம் மௌனம். எக்ஸ்சேஞ்சுக்காரனுக்கு மௌனத்தின் வகைகள் தெரியும். "மாமா, கோவிச்சுக்காதீங்க. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை காதை டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்களேன்."

கோபித்துக்கொண்டேன். இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் போனேன்.

ஆடியாலஜிஸ்ட் ஒரு சின்னப் பெண். என் பேத்தி வயது. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஸ்பாஞ்சு முனை உள்ள ஒரு கருவியைச் செருகினாள். பார்த்ததும் சிரித்துவிட்டேன். எடிமோடிக்குக்கு அண்ணன் முறை! "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க சார்" என்றாள். 250 ஹெர்ட்ஸில் ஆரம்பித்து 8,000 வரை. முதலில் நன்றாகப் போயிற்று. பிறகு நீண்ட நேரம் சத்தமே வரவில்லை. கருவி நின்றுவிட்டதோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கை வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

காகிதத்தைக் காட்டினாள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. 1,000 வரை சமதளம். 2,000-ல் லேசான இறக்கம். 4,000-ல் 50 டெசிபல் கீழே. 8,000-ல் அதற்கும் கீழே, இடது பக்கம் இன்னும் கொஞ்சம் பள்ளம். மலையிலிருந்து கிணற்றுக்குள் இறங்குகிற கோடு. "வயசுக்கு வர்றதுதான் சார். த, ப, க, ஸ இதெல்லாம் மாறி மாறிக் கேக்குமே?" என்றாள்.

தட்டு. பட்டு.

டெலிபோன் லைனில் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 வரைதான் போகும். அதற்கு மேல் வெட்டிவிடுவோம். பேச்சு புரிய அது போதும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. ஆனாலும் பெயர் சொல்லும்போது 'எஸ்'ஸா 'எஃப்'பா என்று மறுபடி மறுபடி கேட்க வேண்டியிருக்கும். அந்த வித்தியாசம் வெட்டுப்பட்ட மேல் பக்கத்தில் இருக்கிறது. 34 வருடம் மற்றவர்கள் பேச்சை அந்த அளவுக்குள் அனுப்பினேன். இப்போது என் காதே ஒரு டெலிபோன் லைன் ஆகிவிட்டது.

ஆக, சென்ஹைசர் எனக்கு இதமாக இருந்ததற்குக் காரணம் புரிந்தது. அவனுக்குக் குத்துகிற இடத்தில் எனக்குக் காது இல்லை. நான் இழந்ததை அது கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. எடிமோடிக் உள்ளதை உள்ளபடி கொடுத்தது. உள்ளபடி கொடுத்தால் எனக்கு மந்தமாகத்தானே கேட்கும்! என் பழைய இயர்போன் மேல் நான் சொன்ன குற்றச்சாட்டும் இதேதான். பாவம், அது நிரபராதி.

டப்பாக்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எடிமோடிக்கில் 20 ஹெர்ட்ஸிலிருந்து 16,000 வரை என்று கணக்கு. ஷூரில் 15-லிருந்து 20,000. சென்ஹைசரில் 5-லிருந்து 48,000. நல்ல இளம் காதுக்கே 20,000-தான் எல்லை. 48,000 வௌவாலுக்கு. எனக்கு 8,000-லேயே கிணறு. விலை ஏற ஏற நான் கேட்க முடியாத பக்கத்தில் கோடு நீண்டுகொண்டு போகிறது! சென்ஹைசரின் அருமை அந்தக் கோட்டில் இல்லை, அது காதில் உட்காருகிற விதத்திலும் கேட்கக்கூடிய பகுதியைக் கொடுக்கிற விதத்திலும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் டப்பாவில் உள்ள எண்ணைப் பார்த்து நம் வயதில் யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

நாம் கேட்கிற பாட்டையும் பார்க்க வேண்டும். ஜி.என்.பி., மதுரை மணி அய்யர், மாலியின் புல்லாங்குழல், பழைய சினிமாப் பாட்டு. பாதி ரேடியோவில் பிடித்தது, பாதி 78 சுழற்சித் தட்டு. அந்தப் பதிவுகளில் மேல் தொனியே குறைவு. இருப்பதெல்லாம் ஊசி கீறுகிற சத்தமும் டேப்பின் 'உஸ்'ஸும். லட்ச ரூபாய் இயர்போன் அந்த உஸ்ஸை மிக நேர்மையாகக் கொடுக்கிறது. மாலி கச்சேரியில் ஒருவர் இருமுகிறார். அவருக்குச் சளி எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லலாம். இதற்கா லட்சம்? 80-களுக்குப் பிந்திய பதிவுகளுக்கு வேண்டுமானால் வித்தியாசம் தெரியும். மதுரை மணி அய்யரின் ஸ்வரத்துக்கு ஷூரும் வேண்டாம், சென்ஹைசரும் வேண்டாம். காதில் ஒழுங்காக உட்காரும் எதுவும் போதும்.

நாலாவது வழி ஒன்று உண்டு, ஒயர் இல்லாதது. ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோவில் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அதுவே சத்தம் விட்டுச் சோதித்துச் சொல்கிறது. எனக்கு முறுக்குச் சமாச்சாரம் தெரிய இரண்டு வாரம் ஆயிற்று, அது சில நொடியில் சொல்லிவிடும். 2024-ல் அதன் இரண்டாம் பதிப்புக்குக் காது சோதனையும், லேசான, நடுத்தரமான குறைபாட்டுக்குக் காது மிஷினாக வேலை செய்யும் வசதியும் கொடுத்தார்கள். அப்போது இந்தியாவில் அந்த வசதி திறக்கவில்லை. பெங்களூரில் சில பையன்கள் பாட்டிக்காக வாங்கிவிட்டு, இது கலிபோர்னியாவில் இருக்கிறது என்று கருவியை நம்பவைக்க, அலுமினியத் தாளும் மைக்ரோவேவ் அடுப்புமாக ஒரு கூண்டு கட்டி ஏமாற்றித் திறந்தார்கள். பாட்டிக்குக் காது கேட்க வேண்டும் என்று அடுப்பை வைத்து வித்தை காட்டிய பேரன்கள்! அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். ஆனால் சார்ஜ் ஆறு மணி நேரம். வீட்டுப் பேச்சு ஆறு மணி நேரத்தில் முடிவதில்லை.

சத்தத்தின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். காது மந்தமானவன் செய்கிற முதல் காரியம் வால்யூமைக் கூட்டுவது. நான் ஆறு மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்று இப்போது தெரிகிறது. 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 90 ஆக்கினால் 4 மணி நேரம்தான். 10 கூட்டினால் பத்தில் ஒரு பங்கு. இருக்கிற கொஞ்சத்தையும் தேய்த்துவிடுகிற வேலை. இதற்கும் மருந்து முனைதான். வெளிச் சத்தம் நுழையாவிட்டால் கூட்டத் தேவையில்லை.

யாராவது கேட்டால் என் தீர்ப்பு இப்படி. காதுக்குள் ஆழமாகப் போவதைத் தாங்க முடிந்து, தனியறையில் கச்சேரி கேட்கிறவருக்கு எடிமோடிக். 350 டாலரில் இதற்கு மேல் நேர்மை கிடைக்காது. தாளவாத்தியப் பிரியருக்கு, கண்ணாடி போடாதவருக்கு ஷூர். காது குறுகலாக உள்ளவருக்கு, மூன்று மணி நேரம் கழற்றாமல் கேட்கிறவருக்கு சென்ஹைசர், பையனோ பெண்ணோ வாங்கிக் கொடுத்தால். சொந்தப் பணத்தில் வேண்டாம். எதை வாங்குவதானாலும் அதற்கு முன்னால் அந்தச் சிவப்பு, நீலக் கோட்டுக் காகிதம் கையில் இருக்கட்டும். அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. அது இல்லாமல் மதிப்புரை படித்து வாங்குவது, பக்கத்து வீட்டுக்காரர் பவரைச் சொல்லிக் கண்ணாடி வாங்குகிற மாதிரி.

கண்ணாடி என்றதும் ஞாபகம் வருகிறது. 42 வயதில் கண்ணாடி போட்டபோது ஆபீஸில் எல்லோரிடமும் காட்டினேன். காது மிஷின் என்றதும் ஏன் அப்படிக் கூசிப் போனேன்? ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. லட்ச ரூபாய் இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தெருவில் போகத் தயாராக இருந்தவன், அதே சாமான் உள்ளே இருக்கும் மிஷினுக்குத் தலையை ஆட்ட மாட்டேன் என்றேன். மனைவிதான் முடிவு கட்டினாள். "பாட்டு கேக்க லட்சம் குடுப்பீங்க, நான் பேசறது கேக்கக் குடுக்க மாட்டீங்களா?" இந்தக் கேள்விக்கு எந்த மதிப்புரையிலும் பதில் இல்லை.

இரண்டு காதுக்கும் வாங்கியாயிற்று. அதுவும் லட்சத்தைத் தொட்டது. கண்ணாடியின் காதுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது, மெல்லிய ஒயர் ஒன்று உள்ளே போகிறது. அதன் நுனியில் ஒரே ஒரு ஆர்மச்சர். ஷூரில் நாலு, இதில் ஒன்று. முதல் நாள் நியூஸ்பேப்பரைப் புரட்டும் சத்தமே தாங்க முடியவில்லை. குழாயில் தண்ணீர் விழுவது அருவி மாதிரி. இப்போது பழகிவிட்டது. குயில் எங்கள் தெருவை விட்டுப் போய்விட்டது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போகவில்லை.

பழைய இயர்போனுக்கு ஸ்பாஞ்சு முனை வாங்கிப் போட்டிருக்கிறேன், வலதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சிறியது. மிஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போட முடியும். போனில் மேல் தொனியைக் கொஞ்சம் தூக்கி வைக்கவும் பையன் சொல்லிக் கொடுத்தான். மத்தியானம் ஒரு மணி நேரம் ஜி.என்.பி.

எடிமோடிக்கையும் ஷூரையும் துடைத்து டப்பாவில் போட்டு அனுப்பிவிட்டேன். சென்ஹைசரை மட்டும் இன்னும் அனுப்பவில்லை. "தீபாவளிக்கு வரும்போது எடுத்துக்கறேன் மாமா, இருக்கட்டும்" என்று அவனே சொன்னான். தீபாவளிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.